பரவளையப் பறப்பில் எடையின்மை: மாற்றுத்திறனாளிகள் பறப்பதால் ஆய்வுக்கு என்ன பயன்?

வினா – குமரிமுனை

அனைவருக்கும் வணக்கம். நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். ஐரோப்பிய விண்வெளி முகமை 2022 நவம்பரில் அறிவித்த விண்வெளி வீரர் குழுவில், ஒரு காலை இழந்தவரான ஜான் மெக்ஃபால் இடம்பெற்றதைப் பற்றி அண்மையில் வகுப்பில் பேச நேர்ந்தது. அதிலிருந்து, விமானத்திலேயே எடையின்மையை உண்டாக்கும் பரவளையப் பறப்புகளின் பக்கம் பேச்சு திரும்பியது. அங்கே என்னால் தெளிவுபடுத்த முடியாத மூன்று ஐயங்கள் எழுந்தன.

விமானம் கீழே இறங்கும்போது மட்டுமல்லாமல், மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே உள்ளிருப்பவர்கள் மிதக்கத் தொடங்கிவிடுகிறார்கள் என்று படித்திருக்கிறேன். மாணவர்கள் இதை நம்ப மறுக்கிறார்கள். இதை எப்படி விளக்குவது? அடுத்து, எடையின்மை ஏன் இருபது விநாடிகளைச் சற்றே தாண்டியதும் முடிந்துவிடுகிறது? மூன்றாவது ஐயம் உடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவர் எழுப்பியது. மாற்றுத்திறனாளிகளை இவ்விமானங்களில் ஏற்றுவது நல்லெண்ணச் செயல் என்பதை ஒப்புக்கொள்ளும் அவர், அதில் அறிவியல் எதுவும் இல்லை, வெறும் விளம்பரம்தான் என்கிறார். அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி – கல்லணை

வணக்கம் அம்மா. முதலிரண்டு ஐயங்களுக்கு மட்டும் விடை எழுதுகிறேன். மூன்றாவதைப் பற்றி என்னைவிட நன்கு எழுதக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

பிரான்சில் போர்தோ நகரையொட்டிய மெரின்யாக் விமான நிலையத்திலிருந்து நோவெஸ்பாஸ் நிறுவனம் இயக்கும் ஏர்பஸ் ஏ310 விமானத்தையே எடுத்துக்கொள்வோம். (ஜெர்மனியின் தலைவர்களை ஏற்றிச் சென்றுகொண்டிருந்த அரசு விமானம் அது, 2015 முதல் இந்தப் பணியில் இருக்கிறது.) ஏறத்தாழ 6,000 மீட்டர் உயரத்தில் சமமாகப் பறந்துகொண்டிருக்கும் அந்த விமானத்தின் மூக்கை விமானிகள் மேல்நோக்கி இழுப்பார்கள். சுமார் 20 விநாடிகளுக்கு உள்ளிருப்பவர்கள் தம் எடையைப்போல 1.8 மடங்கை உணர்வார்கள்; அதாவது 60 கிலோ எடையுள்ளவர் 108 கிலோவாகிவிட்டதுபோல் தரையோடு அழுந்திக் கிடப்பார். மூக்கு உயர உயர, விமானி 'முப்பது... நாற்பது...' என்று கோணத்தை அறிவித்துக்கொண்டே வருவார். ஐம்பது பாகையை நெருங்கும் தறுவாயில் 'இன்ஜெக்ஷன்' என்ற சொல் ஒலிக்கும். அந்தக் கணத்தில் எஞ்சின்களின் உந்துவிசையை, காற்றின் எதிர்ப்பை ஈடுகட்டுவதற்குப் போதுமான அளவுக்குக் குறைத்துவிடுவார்கள். இறக்கைகளும் விமானத்தைத் தூக்கிப் பிடிக்காத நிலைக்குக் கொண்டுவரப்படும். அதன் பிறகு விமானம், எறியப்பட்ட கல்லைப்போலப் புவியீர்ப்புக்கு மட்டும் கட்டுப்பட்டுச் செல்கிறது. மேல்நோக்கிய வேகம் மிச்சமிருக்கும் வரை அது ஏறும், பிறகு இறங்கும். ஆனால் இரு கட்டங்களிலும் விமானமும் அதனுள் இருப்பவர்களும் ஒரே முடுக்கத்தோடு செல்வதால், தரை அவர்களைத் தாங்க வேண்டிய தேவை இருப்பதில்லை. தாங்கும் விசை இல்லாமற்போவதைத்தான் நாம் எடையின்மை என்கிறோம். ஈர்ப்பு எங்கும் போய்விடவில்லை. பரவளையத்தின் உச்சியான 8,500 மீட்டரில்கூட அது தரைமட்டத்தில் இருப்பதைவிடக் கால் விழுக்காட்டுக்குச் சற்று மேலாகத்தான் குறைந்திருக்கும்.

மாணவர்களை நம்பவைக்க ஒரு பிளாஸ்டிக் பாட்டில் போதும். அடிப்பக்கத்தில் துளையிட்டு, மூடியைக் கழற்றிவிட்டு, நீர் பீறிட்டுக்கொண்டிருக்கும்போதே பாட்டிலை மேல்நோக்கி எறியச் சொல்லுங்கள். கையை விட்டு நீங்கிய நொடியிலேயே, அதாவது இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போதே, நீர் ஒழுகுவது நின்றுவிடும். கைபேசியில் மெதுவோட்டக் காணொளியாகப் பிடித்துக் காட்டினால் வாதத்திற்கு இடமிருக்காது.

இரண்டாவது ஐயத்திற்கு எளிய கணக்கே விடை தந்துவிடும். 22 விநாடிகள் என்றால், 11 விநாடிகள் ஏற்றம், 11 விநாடிகள் இறக்கம். அதற்கு விநாடிக்கு ஏறத்தாழ 108 மீட்டர் மேல்நோக்கு வேகமும், ஏறி இறங்க 600 மீட்டர் அளவுக்கு உயரமும் வேண்டும். காலத்தை இரட்டிப்பாக்க விரும்பினால் வேகமும் இரட்டிப்பாக வேண்டும், உயரமோ நான்கு மடங்காகிவிடும். இறங்கி முடிக்கும்போது அந்த வேகத்திலிருந்து ஒரு பயணிகள் விமானத்தை மீட்டெடுப்பது அதன் கட்டமைப்புக்குத் தாங்காது. எனவே நேரத்தை நீட்டுவதற்குப் பதிலாக எண்ணிக்கையைக் கூட்டுகிறார்கள். ஒரு பறப்பில் 31 பரவளையங்கள். எல்லாவற்றையும் கூட்டினால் 11 நிமிடங்களும் சில விநாடிகளும் கிடைக்கும்.

மறுமொழி – ஆறாம்திணை

மூன்றாவது ஐயத்தை எழுப்பிய ஆசிரியருக்கு, இந்தத் துறையின் தொடக்க கால வரலாற்றில் இருந்தே விடை சொல்லலாம். 1950களின் பிற்பகுதியில், மனித உடல் எடையின்மையைத் தாங்குமா என்பது எவருக்கும் தெரியாதிருந்த காலத்தில், அமெரிக்கக் கடற்படையும் நாசாவும் வாஷிங்டனில் உள்ள காது கேளாதோருக்கான கல்லாடெட் கல்லூரியிலிருந்து பதினொரு ஆண்களைத் தேர்ந்தெடுத்தன. அவர்களுள் பத்துப் பேர் இளம் வயதில் மூளையுறைக் காய்ச்சலால் செவித்திறனை இழந்தவர்கள். அந்நோய் அவர்களது உள்செவியில் உள்ள சமநிலை உறுப்பையும் சேதப்படுத்தியிருந்தது. நமக்குக் கப்பலிலும் மலைப்பாதைப் பேருந்திலும் குமட்டல் வருவதற்கு, கண் சொல்வதும் அந்த உறுப்பு சொல்வதும் முரண்படுவதே காரணம் என்பதால், அது செயல்படாதவர்களுக்குக் குமட்டலே வராது. ஃபுளோரிடாவின் பென்சகோலாவில், இடைவிடாது சுழன்றுகொண்டே இருக்கும் ஓர் அறைக்குள் அவர்களுள் நால்வர் பன்னிரண்டு நாள்கள் வாழ்ந்தனர். பரவளையப் பறப்புகளிலும் அவர்கள் சோதிக்கப்பட்டனர். எனக்கு மிகவும் பிடித்தது நோவா ஸ்கோஷியா கடற்கரைக்கு அப்பால், கொந்தளிக்கும் கடலில் நடந்த சோதனை. அவர்கள் சீட்டு விளையாடிக்கொண்டிருக்க, சோதிக்க வந்த ஆய்வாளர்களே வாந்தியெடுத்துச் சோர்ந்துபோய்ச் சோதனையைக் கைவிட நேர்ந்தது!

எந்தக் குறையைக் காட்டி ஒருவரை விண்வெளிக்குத் தகுதியற்றவர் என்று ஒதுக்குவார்களோ, அந்தக் குறையே அங்கே தகுதியாக நின்றது. இருந்தும், அவர்கள் ஆய்வுக்குப் பயன்பட்டார்களே தவிர, அவர்களில் ஒருவரைக்கூட விண்வெளி வீரராக அனுப்பலாம் என்று அன்று எவரும் எண்ணவில்லை.

2007 ஏப்ரலில் ஸ்டீபன் ஹாக்கிங் கென்னடி விண்வெளி மையத்திலிருந்து புறப்பட்ட போயிங் 727 விமானத்தில் எடையின்மையை அனுபவித்ததை எல்லோரும் அறிவார்கள். முதலில் ஒரேயொரு பரவளையம்தான் திட்டமிடப்பட்டிருந்தது. அவர் நலமாக இருப்பதை உடன் சென்ற மருத்துவர்கள் உறுதிசெய்ய, எட்டு வரை நீண்டது. அதை வேண்டுமானால் தனியொருவரின் அனுபவம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் 2021 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சிலிருந்து ஆஸ்ட்ரோ ஆக்சஸ் என்ற அமைப்பு பன்னிரண்டு மாற்றுத்திறனாளிகளை அனுப்பியபோது, நோக்கமே வேறாக இருந்தது. கல்லணை ஐயா குறிப்பிட்ட அந்த அறிவிப்பையே நினைத்துப் பாருங்கள். 'இன்ஜெக்ஷன்' என்ற சொல் காதில் விழாதவருக்கு, அடுத்த கணம் என்ன நிகழப்போகிறது என்பதை எப்படித் தெரிவிப்பது? ஒளி விளக்குகளால் தெரிவிக்கலாமா? மிதந்து உருண்டுகொண்டிருக்கும்போது சைகை மொழி பிறருக்குப் புரியுமா? பார்வையற்றவர், மேல் எது கீழ் எது என்பதே மறைந்துபோன அறையில், தொட்டுணரும் குறிகளைக் கொண்டு தம் இடத்திற்குத் திரும்ப முடியுமா? எடை மீள்வதற்கு முன்பு எல்லோரும் தத்தம் இடத்தில் பாதுகாப்பாகப் படுத்துவிடுகிறார்களா? இவையே அங்கே சோதிக்கப்பட்டன.

இவற்றின் விடைகள் மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் உரியவை அல்ல. விண்கலத்தில் மின்சாரம் நின்று இருள் சூழ்ந்தால், அங்கிருக்கும் எல்லோருமே பார்வையற்றவர்கள்தான். எச்சரிக்கை ஒலி பழுதானால் எல்லோரும் கேளாதவர்கள். தொட்டுணரும் குறி அப்போது யாருக்கு உதவும் என்பதை உங்கள் சக ஆசிரியரிடமே கேளுங்கள்.

குமரிமுனை

இருவருக்கும் மிக்க நன்றி. ஒன்று மட்டும் கேட்கிறேன். செயற்கைக் கால் பொருத்தியவருக்கு அந்த 1.8 மடங்கு எடை இடையூறாகாதா? மெக்ஃபாலின் தகுதி இந்தப் பறப்புகளின் அடிப்படையில்தான் முடிவு செய்யப்பட்டதா?

மறுமொழி – தாமிரபரணி

அம்மா, கூடுதல் எடையின்போது புதியவர்கள் பெரும்பாலும் மல்லாந்து படுத்து, தலையை அசைக்காமல் இருக்க அறிவுறுத்தப்படுவார்கள். ஆகவே காலின் மீது நிற்கும் சுமை விழாது. சிக்கல் மிதக்கும்போதுதான் தோன்றுகிறது. ஆய்வுக் கருவிக்கு எதிரே பணிபுரிபவர், உடல் விலகிப்போகாமல் இருக்கத் தரையில் உள்ள பட்டைகளுக்குள் கால்களைச் செருகிக்கொள்வது வழக்கம். ஒரு காலோ இரு கால்களுமோ இல்லாதவருக்கு இடுப்பில் வார் வேண்டுமா, கைப்பிடியை எங்கே வைப்பது என்பதை ஒருவர் பறந்து பார்க்கும் வரை வரைபட மேசையில் தீர்மானிக்க முடியாது. இதற்கு 22 விநாடிகளே போதும்.

ஆனால் மெக்ஃபால் விஷயத்தில் பரவளையப் பறப்பின் எல்லையும் தெரிகிறது. பத்தொன்பதாம் வயதில் விபத்தில் வலக்காலை இழந்த அவர், 2008 பெய்ஜிங் பாராலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலம் வென்றவர், அறுவை மருத்துவரும்கூட. உடல்வலிமையைப் பற்றி ஐயம் இருந்திருக்க வாய்ப்பில்லை. விண்வெளியில் நாள்கணக்கில் தங்கும்போது உடலின் நீர்மங்கள் கால்களிலிருந்து தலைப்பக்கம் நகரும். அதனால் இழந்த காலில் எஞ்சியிருக்கும் பகுதியின் பருமன் மாறி, அதன்மீது மாட்டப்படும் செயற்கைக் காலின் கிண்ணம் பொருந்தாமல் போகலாம். எலும்பும் தசையும் தேயாமலிருக்க ஓடுபொறியில் நாள்தோறும் ஓட வேண்டியவருக்கு அது சிறிய செய்தி அல்ல. நீர்மங்களின் நகர்வு பரவளையத்தில் தொடங்கும், ஆனால் அது நிலைபெறும் முன்பே எடை திரும்பிவிடுகிறது. ஆகவே 'ஃபிளை' என்று பெயரிட்ட சாத்தியக்கூறு ஆய்வில் பயிற்சி, மருத்துவம், விண்கலப் பாதுகாப்பு எல்லாவற்றையும் தனித்தனியே ஆராய்ந்தார்கள். 2025 பிப்ரவரியில், பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் நீண்டகாலம் தங்குவதற்கு அவர் மருத்துவத் தகுதி பெற்றுவிட்டார் என்ற அறிவிப்பு வந்தது.

கொசுறாக இன்னொன்று. மனிதர் தேவைப்படாத சோதனைகளுக்கு விமானமும் வேண்டியதில்லை. ஜெர்மனியின் பிரேமனில் 146 மீட்டர் உயரக் கோபுரம் இருக்கிறது. அதன் வெற்றிடக் குழாயில் கருவிகளை விழச் செய்து 4.7 விநாடிகளும், கீழிருந்து எறிந்தால் ஏறத்தாழ அதன் இரு மடங்கும் எடையின்மை பெறுகிறார்கள். சென்னை ஐஐடியின் எரிதல் ஆய்வு மையத்திலும் 2.5 விநாடி தரும் கோபுரம் உண்டு. எடையின்மையில் தீச்சுடர் எப்படி எரிகிறது என்பதை ஆராய அந்த நேரம் போதுமானது. மாணவர்களுக்கு 2.5 விநாடியில் ஒரு பொருள் எத்தனை மீட்டர் விழும் என்ற கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். அந்தக் கோபுரம் எவ்வளவு உயரமாவது இருக்க வேண்டும் என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.