"பைய" கொச்சையா? டீச்சர் திருத்துனது சரியா?

நெல்லைத்தம்பி:
அக்கா மக ஏழாவது படிக்கா. கட்டுரையில "தாத்தா பைய நடந்து வந்தார்"னு எழுதிருக்கா, டீச்சர் சிவப்பு மையில வட்டம் போட்டு "கொச்சை"ன்னு எழுதி "மெதுவாக"ன்னு திருத்தி அரை மார்க்கும் குறைச்சிட்டாங்க. எங்க ஊர்ல பொழுதன்னைக்கும் "பைய வா, பைய போ"ன்னுதான் பேசுதோம், இது எப்படி கொச்சையாகும்?

கோவைசெல்வன்:
டீச்சர் செஞ்சது சரிதானுங்க. அது நாகர்கோவில் பக்கம் மலையாளத்துல இருந்து வந்து ஒட்டிக்கிட்டதுங்க, அவங்கதான் "பய்யெ"ம்பாங்க. பேப்பர் திருத்தறவரு எந்த ஊர்க்காரரோ, எல்லாருக்கும் புரியறத எழுதறதுதான் புள்ளைக்கு நல்லது.

நெல்லைத்தம்பி:
அண்ணாச்சி, 1098ஆம் குறளை எடுத்துப் பாருங்க, "பசையினள் பைய நகும்". அதே குறிப்பறிதல் அதிகாரத்துல 1094ல "மெல்ல நகும்". பரிமேலழகரும் பையங்கிறதுக்கு மெல்லன்னுதான் உரை எழுதுதாரு. ரெண்டு பாஷைக்கும் பொதுவான பழைய சொல்லு, இதுல யாரு யார்கிட்ட வாங்குனா?

கோவைசெல்வன்:
அது சத்தமில்லாம சிரிக்கறதுங்க, வேகத்தப் பத்தின பேச்சே இல்ல. போறது வாறதுக்கு அந்தச் சொல்ல யாராச்சும் எழுதியிருக்காங்களா?

மதுரைமீனா:
எழுதியிருக்காங்க. மதுரையில சம்பந்தர் தங்குன மடத்துக்குச் சமணர்கள் தீ வச்சப்ப அவர் பாடுன திருவாலவாய்ப் பதிகம், "பையவே சென்று பாண்டியற்கு ஆகவே", அந்தத் தீ மெல்லப் போய்ப் பாண்டிய ராஜாவைப் பிடிக்கட்டும்னு. ஏன் "பைய"ன்னு சொன்னாருன்னு சேக்கிழார் பெரியபுராணத்துல காரணமா அடுக்குறாரு, பாண்டியன் மனைவி மங்கையர்க்கரசியோட தாலியக் காப்பாத்தணும்கிறதுதான் முதல் காரணம். பாண்டியன் உசுரே அந்த ஒரு சொல்லுலதான் நிக்குது. அப்புறம் மென்மை வேற வேகம் வேறன்னு பிரிக்கிறீங்களே, மெதுவாங்கிறதே மெதுவடையில இருக்க மெதுதானே, மெல்லங்கிறதும் மென்மையில இருந்து வந்ததுதான்.

யாழ்வாசி:
எங்கட பக்கம் "ஆறுதலா வாங்கோ" எண்டு சொல்லுவம், அவசரமில்லை எண்டு அர்த்தம். இந்தியாவில சொன்னா துக்கம் விசாரிக்கிற மாதிரி விளங்குது. அதால செல்வன் சொல்லுறதிலயும் ஞாயம் இருக்கு, ஆனா விளங்கேல்லை எண்டதுக்காகப் பிழை எண்டு வட்டம் போடக்கூடாது.

கோவைசெல்வன்:
பழைய பாட்டுல இருந்தா இன்னிக்கு கட்டுரையில எழுதலாம்னு ஆயிராதுங்க. அதே குறள்ல "நகும்"னும் இருக்குது, தாத்தா நக்கார்னு எழுதுவோமா?

நெல்லைத்தம்பி:
நகும்னு இப்போ யாரும் பேசல. பையன்னு இன்னைக்குக் காலையிலகூட பஸ்ல கண்டக்டர் ஒரு ஆச்சிகிட்ட "பைய இறங்குங்க"ன்னு சொன்னாரு. குறள்லயும் இருக்கு தெருவுலயும் இருக்கு, அப்படிப்பட்ட சொல்லைக் கொச்சைன்னு சொன்னா அந்தப் புள்ள வீட்டுல பேசுறதயே தப்புன்னு நெனச்சுக்கும். மார்க் போனாப் போவுது, வட்டத்தை எடுக்கச் சொல்லி நாளைக்கு டீச்சர்கிட்ட பேசத்தான் போறேன்.