பாஷ் (Bash, கட்டளை வரி மொழி) ஸ்கிரிப்ட்: கோப்புப் பெயரிலிருந்து அணையின் பெயரை மட்டும் எடுக்க உதவுங்கள்

வணக்கம், தக்கலையிலிருந்து எழுதுகிறேன். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைப் பகுதிகளின் மழையளவை நாள்வாரியாகக் கோப்புகளில் சேர்த்து வருகிறேன். பெயர் இப்படி இருக்கும்:

./மழை/பேச்சிப்பாறை.2024.06.12

எனக்கு ‘பேச்சிப்பாறை’ மட்டும் வேண்டும். இந்தப் பெயரை வைத்திருக்கும் வேரியபிளுக்குப் பின்னால் %.* போட்டால் கடைசி .12 மட்டும் போகிறது. சரி, நீளமாக வெட்டட்டும் என்று %%.* போட்டேன், மொத்தமும் காலி! தொடக்கத்திலுள்ள புள்ளியிலிருந்தே வெட்டிவிடுகிறது என்பது அப்புறம்தான் புரிந்தது. முதலில் ##*/ போட்டுப் பாதையை நீக்கி, இன்னொரு வேரியபிளில் வைத்து, அதன்மேல் %%.* போட்டால் சரியாக வருகிறது.

இரண்டையும் ஒரே வரியில் எழுத வழி உண்டா? ஒன்றுக்குள் ஒன்று வைத்தால் பாஷ் பிழை காட்டுகிறது. செட் (sed), கட் (cut) போன்ற தனி நிரல்கள் வேண்டாம். ஆயிரக்கணக்கான கோப்புகள், ஒவ்வொன்றுக்கும் தனி நிரல் ஓடினால் என் பழைய மடிக்கணினி திணறுகிறது. வடகிழக்குப் பருவமழைக்குள் முடிக்க ஆசை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.