பருந்துப் பார்வல்: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

தெற்கு நோக்கி வலசை போகும் பருந்தினப் பறவைகளை ஓரிடத்தில் அமர்ந்து நாள் முழுவதும் எண்ணும் தன்னார்வப் பணிக்கு (ஆங்கிலத்தில் ஹாக்வாட்ச்) நம் குழுவில் இதுவரை மூன்று தமிழ்ப் பெயர்களை முன்மொழிந்திருக்கிறார்கள்: பருந்துக் கண்காணிப்பு, கொன்றுண்ணிப் பறவைக் கணக்கெடுப்பு, பருந்து நோக்கல். இராமநாதபுரம் கடற்கரையில் இந்தப் பணியைத் தொடங்கப்போகிறவர்கள் கையில் இவற்றில் எதையும் கொடுக்க எனக்கு மனமில்லை.

முதலில் கண்காணிப்பு. தனுஷ்கோடியிலோ தொண்டியிலோ தொலைநோக்கியைக் கடல்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு ஒருவர் நின்றால் ஊர்க்காரர்கள் என்ன நினைப்பார்கள்? இலங்கை எதிர்க்கரையில் இருக்கிறது. அங்கே கண்காணிப்பு என்றால் படகு, எல்லை, கடலோரக் காவல் ஆகியவைதாம் நினைவுக்கு வரும். அந்தச் சொல்லைப் பதாகையில் எழுதிக் கல்லூரி மாணவர்களை மணலில் நிறுத்துவது அவர்களுக்கும் நல்லதல்ல, மீனவர்களுக்கும் நல்லதல்ல.

கணக்கெடுப்பு என்ற சொல்லில் வேறு சிக்கல். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கல் கண்மாய்களில் நடப்பதைக் கணக்கெடுப்பு என்கிறோம். அங்கே பறவை தங்கியிருக்கிறது, நாம் கரையைச் சுற்றி வருகிறோம். இந்தப் பணியில் நாம் தங்கியிருக்கிறோம், பறவை கடந்து போகிறது. மாலையில் கையில் இருக்கும் எண், எத்தனை பறவைகள் இருக்கின்றன என்று சொல்லாது. அதே இடத்தில், அதே முறையில் ஆண்டுதோறும் எண்ணினால்தான் அவை கூடுகின்றனவா குறைகின்றனவா என்று சொல்லும். கணக்கெடுப்பு என்று பெயர் வைத்தால் முதல் ஆண்டிலேயே மொத்தத் தொகையைக் கேட்பார்கள். கொன்றுண்ணி என்பதும் பொருந்தவில்லை. பிணந்தின்னிக் கழுகையும் இப்பணியில் எண்ணுகிறார்கள், அது கொன்று உண்பதில்லை. நோக்கல் பிழையற்ற சொல்தான், ஆனால் எந்தப் பறவையையும் எவரும் எங்கிருந்தும் நோக்கலாம்.

என் முன்மொழிவு: பருந்துப் பார்வல்.

புறநானூற்றின் மூன்றாம் பாடலில் 'பார்வல் இருக்கைக் கவிகண் நோக்கின்' என்று ஓர் அடி வருகிறது. பாலை வழியில் ஆறலை கள்வர்கள், அதாவது வழிப்பறிக்காரர்கள், உட்கார்ந்து வழிப்போக்கரை எதிர்பார்க்கும் இடம் பார்வல் இருக்கை. வெயில் கூசாமல் கையை நெற்றியில் கவித்துப் பார்ப்பது கவிகண் நோக்கு. அவர்கள் அம்புக்கு வீழ்ந்தவர்களின் கற்குவியல்மேல் வளைந்த அலகுடைய பருந்து இருந்து வருந்துகிறது. பாட்டுடைத் தலைவன் ஒரு பாண்டியன். ஓரிடத்தில் அசையாமல் இருப்பது, வெயிலில் கை கவித்துப் பார்ப்பது, வழியே வருபவருக்காகக் காத்திருப்பது என இப்பணியின் மூன்று கூறுகளும் இந்த ஒரே அடியில் கிடைக்கின்றன.

கொலைகாரர்களின் இருக்கையை நாம் ஏன் எடுக்க வேண்டும் என்று மதுரை நண்பர் ஒருவர் தனிமடலில் கேட்டார். இந்தப் பணி பிறந்த கதையே அதற்கு விடை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கிட்டாட்டினி மலைத்தொடரில் ஹாக் மவுன்டன் என்ற முகடு இருக்கிறது. மலையில் மோதும் காற்று மேலே எழும்புவதால், அதில் மிதந்தபடி பருந்துகள் முகட்டையொட்டித் தெற்கே போகும். அங்கிருந்த பாறைகளில் துப்பாக்கியோடு உட்கார்ந்து, கடந்து போகும் பறவைகளை ஆயிரக்கணக்கில் சுட்டுத் தள்ளினார்கள். 1929இல் அந்த மாநில அரசு வைரி என்ற வேட்டைப்பறவையில் ஒருவகைக்கு, கொன்றால் 5 டாலர் என்று பரிசே அறிவித்தது. 1934இல் ரோசலி எட்ஜ் என்ற பெண்மணி அந்த மலைப்பகுதியைக் குத்தகைக்கு எடுத்தார். அவர் காப்பாளராக அமர்த்திய மாரிஸ் புரூன், சுடுபவர்களைத் தடுத்துவிட்டு, அதே முகட்டில் உட்கார்ந்து பறவைகளை எண்ணத் தொடங்கினார். அம்பின் இருக்கை எண்ணின் இருக்கை ஆனது. பார்வல் என்ற சொல் தமிழில் அதே மாற்றத்தை அடையட்டும் என்கிறேன்.

அந்த எண்ணிக்கை என்ன செய்தது என்பதையும் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஹாக் மவுன்டனைக் கடந்த வெண்தலைக் கழுகுகளில் 1935 முதல் 1939 வரை 40 விழுக்காடு இளம் பறவைகள். 1955 முதல் 1959 வரை 20 விழுக்காடுதான். முதிர்ந்த கழுகுகள் பறந்துகொண்டிருந்தன, ஆனால் இளம் பறவைகள் முன்பளவுக்கு உருவாகவில்லை. டிடிடி பூச்சிக்கொல்லிக்கு எதிராக 1962இல் ரேச்சல் கார்சன் எழுதிய நூலில் இந்த எண்கள் சான்றாக நின்றன. அமெரிக்காவில் 1972இல் டிடிடி தடை செய்யப்பட்டது. சம்பளம் வாங்காமல் வெயிலில் உட்கார்ந்து கோடு போட்டவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. அதனால்தான் இதற்கு ஏனோதானோ என்று ஒரு பெயர் வைக்கக் கூடாது என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பார்வலில் இருந்து பார்வலர் என்ற சொல்லும் இயல்பாகக் கிடைக்கிறது. இப்போது பார்வையாளர் என்று எழுதுகிறோம். தனுஷ்கோடியின் அரிச்சல்முனைக்கு வரும் சுற்றுலாப் பயணியும் பார்வையாளர்தான். பார்வலர் என்றால் ஆர்வலர், தன்னார்வலர் ஆகிய சொற்களோடு ஓசையிலும் இணங்கும்.

பார்வல் என்றால் உயர்ந்த இடமாயிற்றே, நம் கரை தட்டையல்லவா என்பது இன்னொரு கேள்வி. சொல்லின் அடிப்படைப் பொருள் பார்த்தல்தான், உயரம் அதற்குத் துணை. பறவைகளை ஓரிடத்துக்குத் திரட்டுவதில், பென்சில்வேனியாவில் மலைமுகடு செய்வதை இங்கே ஒடுங்கிய நிலம் செய்யக்கூடும். இராமேசுவரம் தீவின் கிழக்குமுனை, ஆண்கடல் எனப்படும் மன்னார் வளைகுடாவுக்கும் பெண்கடல் எனப்படும் பாக் நீரிணைக்கும் நடுவே மெலிந்துகொண்டே போகும் மணல்திட்டு. வெப்பக்காற்றில் ஏறி மிதந்து செல்லும் பெரிய பறவைகள், அந்தக் காற்று கடல்மேல் வலுவாகக் கிடைக்காததால் நீரைக் கடக்கத் தயங்கும். பூனைப்பருந்துகளும் விராலடிப்பான்களும் பொரி வல்லூறுகளும் சிறகடித்தே கடந்துவிடும். ஒரு மணல்மேடு போதும், பார்வல் அமைந்துவிடும்.

பருந்து என்ற முன்சொல் பற்றி ஓர் எச்சரிக்கை. பாம்பன் மீன் இறங்குதளத்தின் மேல் சுற்றும் செம்பருந்தும் கள்ளப்பருந்தும் ஆண்டு முழுவதும் அங்கேயே இருப்பவை. பெயரைப் பார்த்துவிட்டு யாரும் அவற்றை எண்ணிவிடக் கூடாது. எண்ணிக்கையைக் குறிக்கும் படிவத்தின் தலைப்பில் 'வலசைப் பருந்துப் பார்வல்' என்று முழுமையாகவே எழுதுவோம். பேச்சில் பார்வல் போதும்.

வெப்பக்காற்றில் பல பறவைகள் கூட்டமாகச் சுழன்று மேலேறுவதை ஆங்கிலத்தில் கெட்டில் என்கிறார்கள். அதற்குக் கெண்டி என்று ஒருவர் எழுதியிருந்தார். பருந்து வட்டமிடுகிறது என்று சின்னப் பிள்ளையும் சொல்லும் நாட்டில் பாத்திரம் தேட வேண்டியதில்லை. 'ஏறுவட்டம்' என்று வைக்கலாம். சுழலும்போது எண்ணினால் ஒரே பறவையை மீண்டும் மீண்டும் எண்ண நேரும். வட்டத்தின் உச்சியிலிருந்து பிரிந்து ஒரே திசையில் வரிசையாக வெளியேறும்போது எண்ணுவதே முறை.

இலையுதிர்கால வலசை என்பதைக் கைவிடலாம். நம் கரையில் அப்படியொரு காலம் இல்லை. ஐப்பசி, கார்த்திகைக்குரிய கூதிர் என்ற சொல் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனாலும் அதைப் பரிந்துரைக்க முடியவில்லை. ஹாக் மவுன்டனில் ஆகஸ்ட் நடுவிலேயே எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். நமக்கு அது ஆவணித் தொடக்கம், கார்காலம். 'தென்வலசை' என்றால் இரு நாடுகளுக்கும் பொருந்தும், வசந்தத்தில் திரும்பிப் போவதை வடவலசை என்று சொல்லிவிடலாம்.

ஒன்றுக்கு மட்டும் எனக்குச் சொல் கிடைக்கவில்லை. ஏறுவட்டத்திலிருந்து பிரிந்த பறவை சிறகை அசைக்காமல் சாய்வாக வழுக்கிக்கொண்டே நெடுந்தொலைவு போகும். கச்சான், வாடை, கொண்டல் என்று காற்றுகளைப் பெயர் சொல்லிப் பிரித்தறியும் மீனவர்களிடம் இதற்கு ஒரு வினைச்சொல் இருக்க வேண்டும். மண்டபம், தேவிபட்டினம், வாலிநோக்கம் பக்கம் இருக்கும் நண்பர்கள் அவர்களிடம் கேட்டு, சொன்னபடியே எழுதுங்கள். அதுவரை படிவத்தில் அந்தக் கட்டத்தைத் தலைப்பின்றி விட்டுவைக்கிறேன்.