பறவைகள் சரணாலயம் போறோம், போனவங்க கொஞ்சம் சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். கடலோரமா இருக்கற ஒரு சதுப்புநில பறவைகள் சரணாலயத்துக்கு அம்மாவையும் பொண்ணையும் கூட்டிட்டு முதல் தடவையா போறோம், ராம்சார் லிஸ்ட்ல (உலக அளவுல முக்கியமான சதுப்புநிலங்களோட பட்டியல்) இருக்கற இடம். கடல் தண்ணி ஏறும்போது சேறு முங்கிடும், அப்போ உள்ளான் (சேத்துல இரை தேடற கரைப்பறவை) கூட்டமெல்லாம் கரைப்பக்கம் ஒதுங்கி வந்து உக்காரும், வத்தும்போது தூரமா போய் மேயும்னு படிச்சேன், அப்போ தண்ணி முழுசா ஏறறதுக்கு எவ்ளோ முன்னாடி போய் உக்காரணும்? உள்ளான் அலகை அடிவரைக்கும் சேத்துல விட்டு புழுவ இழுக்கறத பொண்ணு கிட்டக்க பாக்கணும், அதான் பெரிய ஆசை.

அம்மாவுக்கு முட்டி வலி, ரொம்ப நடக்க முடியாது. மறைஞ்சிருந்து பாக்கற குடில்ல உக்கார பெஞ்ச் இருக்குமா இல்ல மடக்கு சேர் தூக்கிட்டு போகணுமா?

பைனாகுலர் 8x42 வாங்கலாமா 10x42வா (முதல் எண் எத்தன மடங்கு பெருசா காட்டும்ங்கறது, 42 முன்னாடி லென்ஸோட அகலம் மி.மீ.ல)? 10ல கை ஆடினா படமும் ரொம்ப ஆடும், 8ல பரப்பும் அதிகமா தெரியும், அதனால பறக்கறத பிடிக்க ஈஸின்னு எனக்கு 8 மேலதான் மனசு. அம்மா கண்ணாடி போடுவாங்க, கண்ணாடியோட பாக்க சரியா வருமா, யூஸ் பண்ணவங்க சொல்லுங்க.

இன்னொன்னு, போன்ல பறவை சத்தம் ப்ளே பண்ணி கூப்பிடுங்கன்னு தயவுசெஞ்சு யாரும் ஐடியா குடுக்காதீங்க. இனப்பெருக்க நேரத்துல அது எதிரி வந்துட்டான்னு நெனச்சு கூட்ட விட்டுட்டு அலையும், பாவம். ட்ரோனும் வேண்டாம். டிரஸ் மட்டும் பச்சை, காக்கி போதுமா, குழந்தைக்கு தொப்பி வெள்ளையா இருந்தா பரவால்லயா?