ஏழு பேர், ஒரே நாள்: பெரம்பூரிலிருந்து ஒயின் செல்லர் பார்த்துவிட்டு வர முடியுமா?

லோகோ ஒர்க்ஸ் பையன்:
பள்ளியில் ஒன்றாகப் படித்த ஏழு பேர் நாங்கள், எல்லாரும் பெரம்பூர், அகரம், வியாசர்பாடிதான். வருடத்துக்கு ஒரு தடவை எங்காவது கிளம்புவோம். போன தடவை பழவேற்காட்டுக்குப் போய், படகு கிடைக்காமல் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு வந்ததுதான் மிச்சம். இந்த முறை ஒருத்தன் பெங்களூர் பக்கம் ஒயின் தயாரிக்கிற இடத்துக்குப் போகலாம் என்கிறான். வெள்ளி ராத்திரி ரயில் ஏறி, சனிக்கிழமை சுற்றிவிட்டு, அன்று ராத்திரியே திரும்புவது நடக்கிற காரியமா? எங்களில் இரண்டு பேர் தொடவே மாட்டார்கள், அவர்களுக்கு அங்கே என்ன வேலை? அப்புறம், நம்ம ஊரில் ஒயின் ஷாப் என்றால் ஒயினைத் தவிர மற்றதெல்லாம் விற்கிற கடை. அதனால் அங்கே போய் என்ன கேட்பது என்றுகூடத் தெரியவில்லை. திட்டாமல் சொல்லுங்கள்.

கல்மண்டபம் காக்கா:
நாங்கள் ஆறு பேர் போய்வந்தோம், தாராளமாக நடக்கும். சென்ட்ரலில் பெங்களூர் மெயில் பிடித்தால் விடியற்காலையில் இறக்கிவிடும், அங்கே ஒரு வேன் பேசிக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்கும் இடம் தொட்டபள்ளாப்பூர் பக்கம், நந்தி மலையடிவாரம், நகரத்திலிருந்து 40 கிலோமீட்டர் வரும். குரோவர் என்கிற ஒயின் கம்பெனி அங்கே 1988-ல் தொடங்கியது, பிறகு நாசிக்கின் ஸாம்பாவோடு சேர்ந்து குரோவர் ஸாம்பா ஆனது. முன்பே பதிவு செய்யாமல் போகாதீர்கள்.

குடிக்காதவர்களைப் பற்றிக் கேட்டீர்களே, எங்களோடு வந்தவர்களில் அதிகம் ரசித்தவன் காசிமேட்டில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிற நண்பன்தான், ஒரு சொட்டு குடிக்க மாட்டான். திராட்சைச் சாறு நொதிக்கும்போது தானாகவே சூடேறும், அதனால் ஸ்டீல் தொட்டிகளைச் சுற்றி இரட்டைச் சுவர் வைத்து அதற்குள் குளிர்ந்த திரவத்தை ஓட்டுகிறார்கள். வெள்ளை ஒயினுக்கு 15 டிகிரி வாக்கில் குளிரவைக்க வேண்டும், சிவப்புக்கு 25, 30 வரை போகலாம். இவன் அந்தக் குழாய்களை விட்டு நகரவே இல்லை, கம்ப்ரசர் எங்கே, கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுக்கொண்டே நின்றதில் வழிகாட்டிப் பையன் எங்களை மறந்தே போனான்.

செல்லர் என்பது ஒயினைப் பீப்பாயில் முதிரவைக்கிற அறை, அது அதற்கு அடுத்து. வெளியே வெயில் கொளுத்தும், கதவைத் தாண்டினால் குளிர்ச்சி, அரை இருட்டு, மரத்தின் ஈர வாசனை. பீப்பாய் ஒவ்வொன்றும் 225 லிட்டர், பிரெஞ்சு ஓக் மரம். அந்த மரத்தின் வழியாக ஒயின் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும், அந்த இடத்தில் காற்று உட்கார்ந்தால் புளித்துவிடும், அதனால் அவ்வப்போது திறந்து ஊற்றி நிரப்புகிறார்கள். கார்க் போட்ட பாட்டிலைப் படுக்கவைப்பது எதற்கு என்று கேட்டேன். கார்க் காய்ந்து சுருங்கினால் காற்று புகுந்துவிடுமாம், அதனால் அது எப்போதும் நனைந்தே இருக்க வேண்டும்.

கடைசியில் ருசி பார்க்கத் தருவார்கள். கிளாஸில் ஒரு மடக்குதான் இருக்கும், பக்கத்தில் துப்புவதற்கு ஒரு பாத்திரம். எங்களில் ஒருவன் காசு கொடுத்ததைத் துப்புவேனா என்று மற்றவர்கள் மிச்சம் வைத்ததையும் சேர்த்துக் குடித்துவிட்டு, வேனில் அரை மணி நேரத்தில் எங்கள் சட்டையையெல்லாம் நாசம் செய்தான். ஒயினிலும் 12, 13 சதவீதம் ஆல்கஹால், சாதாரண பியரைவிட இரண்டு மடங்குக்கு மேல். காலையில் இட்லி, பொங்கல் என்று நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

மூலக்கொத்தளம்:
இதற்கு 350 கிலோமீட்டரா? ஏழு பேர் டிக்கெட், வேன் வாடகைக்கு எண்ணூர் பக்கம் போய் வாரம் முழுக்க இறால் சாப்பிடலாம்.

பரணி ஜாடி:
மூலக்கொத்தளம் அண்ணா, எண்ணூர் இறால் எங்கேயும் போய்விடாது, பையன்கள் போய்வரட்டுமே. நான் பெரம்பூர்தான். எங்கள் வீட்டில் பாட்டி காலத்திலிருந்து கிறிஸ்துமஸுக்குத் திராட்சை ஒயின் போடுவோம், தெருவில் பாதி வீடுகளில் உண்டு. பன்னீர் திராட்சையைக் கையால் பிசைந்து, சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து ஜாடியில் வைத்துத் துணியால் வாய் கட்டுவோம். ஒரு தடவை என் தம்பி மூடியை இறுக்கிப் போட்டு, கரியமில வாயு வெளியேற வழியில்லாமல் ஜாடி வெடித்து, சமையலறைச் சுவர் முழுக்க ஊதா நிறம்.

பன்னீர் திராட்சையில் ஒன்றை நசுக்கிப் பாருங்கள், உள்ளே சதை வெளிறிய பச்சையாகத்தான் இருக்கும், நிறமெல்லாம் தோலில். சிவப்பு ஒயினைத் தோலோடு நொதிக்க விடுவது இதற்காகத்தான், வெள்ளைக்கு முதலிலேயே பிழிந்து தோலை எடுத்துவிடுவார்கள். இது தெரிந்தால் அங்கே பாதி புரிந்துவிடும். முடிந்தால் பிப்ரவரி, மார்ச்சில் போங்கள், அறுவடை நேரம். அங்கே விளைகிற ஒயின் திராட்சையை வாயில் போட்டுப் பாருங்கள். சின்னது, தோல் தடிமன், கொட்டை பெரிசு, ஆனால் நாம் சந்தையில் வாங்குவதைவிட இனிப்பு அதிகம். நாம் அள்ளிக் கொட்டுகிற சர்க்கரை அவர்களுக்குத் தேவைப்படாததற்கு அதுதான் காரணம்.

லோகோ ஒர்க்ஸ் பையன்:
அக்கா, காக்கா, ரொம்ப நன்றி. மார்ச்சுக்குத் தள்ளிவிட்டோம். அப்படியே மாலைக்குள் இன்னொரு இடமும் பார்க்கலாமா? வரும்போது ஆளுக்கு இரண்டு பாட்டில் வாங்கி வரலாமா?

கல்மண்டபம் காக்கா:
இரண்டாவது இடத்தில் நாக்கே வேலை செய்யாது, எல்லாம் ஒரே புளிப்பாகத் தெரியும், அந்த நேரத்தில் நந்தி மலை ஏறுங்கள். பாட்டில் வேண்டவே வேண்டாம். வெளி மாநிலச் சரக்கோடு தமிழ்நாட்டுக்குள் மாட்டினால் வழக்குதான், ஒயின் என்று சொன்னாலும் விட மாட்டார்கள். கிறிஸ்துமஸுக்குப் பரணி ஜாடி அக்கா வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

பரணி ஜாடி:
ஏழு பேருமா? முதலில் திராட்சை பிசைய ஆள் அனுப்புங்கள்.