பழைய ஐ5-2400 கணினிக்கு எந்த கிராபிக்ஸ் கார்டு ஒத்துவரும்?

கணக்குடீச்சர்:
வணக்கம். என்னிடம் இருப்பது டெல் ஆப்டிபிளெக்ஸ் 790, மினி டவர். ஐ5-2400 பிராசசர், 8 ஜிபி ராம் ஒரே ஸ்டிக், எஸ்எஸ்டி, 265 வாட் பவர் சப்ளை. பிள்ளைகளுக்கு வடிவியல் பாடங்களை ஓபிஎஸ் என்ற திரைப்பதிவு மென்பொருளில் பதிவு செய்து தருகிறேன். ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் உருவத்தைச் சுழற்றிக்கொண்டே பேசினால் பதிவில் படம் தத்தித் தத்தி ஓடுகிறது. பிராசசர் 100 சதவீதத்தில் நிற்கிறது. கோடு எப்படி நகர்ந்தது என்று தெரியாவிட்டால் பிள்ளைகளுக்கு அந்தப் பாடமே புரியாது. ஆர்எக்ஸ் 6400 கிராபிக்ஸ் கார்டு வெறும் 53 வாட்தான், தனியாக பவர் வயர் வேண்டாம் என்கிறார்கள். வாங்கலாமா?

பழையபோர்டு:
டீச்சர், அதை வாங்காதீர்கள். நல்ல கார்டுதான், ஆனால் உங்கள் வேலைக்கு உதவாது. ஆர்எக்ஸ் 6400-இல் வீடியோ என்கோடரே, அதாவது படத்தைச் சுருக்கி வீடியோவாக மாற்றும் பகுதியே, கிடையாது. பதிவு செய்யும் பாரம் மறுபடியும் பிராசசர் தலையில்தான் விழும்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் கார்டு, அதைச் செருகும் ஸ்லாட்டில் நான்கு லேன்களை (தரவு போகும் பாதைகளை) மட்டுமே பயன்படுத்தும். பிசிஐஇ என்பது அந்த ஸ்லாட்டின் வகை; பிசிஐஇ 4.0 போர்டில் அது போதும். உங்கள் ஐ5-2400 வந்தது 2011-இல், அதில் பிசிஐஇ 2.0தான். அங்கே நான்கு லேன் என்றால் நொடிக்குச் சுமார் 2 ஜிபி. பதினாறு லேன் கார்டுக்கு 8 ஜிபி கிடைக்கும். புதிய கணினியில் போட்டுச் சோதித்த காணொளிகளைப் பார்த்து, பழைய கணினிக்கு வாங்கிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் வருத்தம்.

ஜிடி 1030 பக்கமும் போகாதீர்கள், அதிலும் என்கோடர் இல்லை. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ அல்லது ஜிடிஎக்ஸ் 1650 பாருங்கள். இரண்டும் 4 ஜிபி, 75 வாட், என்கோடர் உண்டு. ஸ்லாட் தரக்கூடியதும் 75 வாட்தான், அதனால் 6 பின் சாக்கெட் இல்லாத மாடலாகப் பார்த்து எடுங்கள். சாட்டா வயரிலிருந்து 6 பின்னுக்கு மாற்றும் அடாப்டரை யாராவது கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சாட்டா முனை 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட். அதற்கு மேல் இழுத்தால் முனை உருகும்.

ஸ்பேனர்:
மேலே சொன்னது சரி. பழைய கார்டு வாங்கினால் கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். ஜிடிஎஸ் 450 போன்ற பழைய சிப்பில் பயாஸை (உள்ளிருக்கும் அடிப்படை மென்பொருளை) மாற்றி 1050 டிஐ என்று விற்பதுண்டு. அப்படிப்பட்ட கார்டைக் கண்டுபிடித்தால், பெயருக்கு முன்னால் போலி என்று அதுவே காட்டிவிடும். அப்புறம், கார்டைச் செருகும் முன் கணினியின் பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். பழைய பயாஸில் புதிய கார்டு போட்டால் சில போர்டுகளில் திரை கருப்பாகவே நிற்கும்.

கணக்குடீச்சர்:
இருவருக்கும் நன்றி. என்கோடர் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. இரண்டும் கிடைத்தால் எதை எடுக்கட்டும்?

பழையபோர்டு:
1650. 1050 டிஐ பாஸ்கல் என்ற பழைய தலைமுறைக் கார்டு. அந்தக் கார்டுகளுக்கு 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே வரும் என்று அவற்றின் நிறுவனமான என்விடியா அறிவித்துவிட்டது. கேஸைத் திறந்து நீளத்தை அளந்துகொள்ளுங்கள், ஒற்றை விசிறிக் கார்டு என்றால் உள்ளே இடம் சுலபமாகக் கிடைக்கும்.

கார்டு போட்டதும் மானிட்டர் வயரைக் கார்டில் மாட்டுங்கள். ஓபிஎஸ்ஸில் வெளியீட்டுப் பகுதிக்குப் போய், எக்ஸ்264 (பிராசசரில் பதிவு) என்று இருப்பதை என்வி-என்க் (கார்டின் என்கோடரில் பதிவு) என்று மாற்றுங்கள். இதை மாற்றாவிட்டால் கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும், பிராசசர் பழையபடி திணறும். பிறகு கையில் காசு சேரும்போது இன்னொரு 8 ஜிபி டிடிஆர்3 ஸ்டிக் போட்டால் ராம் இரட்டைச் சேனலில், அதாவது இரண்டு ஸ்டிக்கும் ஒரே நேரத்தில் வேலை செய்யும்படி, ஓடும். அதற்கு அவசரமில்லை, முதலில் கார்டு.