641ஐ விளங்கப்படுத்த யாராவது உதவ முடியுமா?

வணக்கம். உவர்மலையில் சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். காரணிகள் பாடத்தில் 4294967297ஐப் பலகையில் எழுதினேன். 2இன் 32ஆம் வலுவுடன் 1ஐக் கூட்டினால் வருவது. இது முதன்மை எண் என்றே கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார். அதே அமைப்பில் 2இன் 1, 2, 4, 8, 16ஆம் வலுக்களுடன் 1ஐக் கூட்டினால் வரும் 3, 5, 17, 257, 65537 எல்லாம் முதன்மை எண்கள்தானே, நம்பியதில் நியாயம் உண்டு. 1732இல் கணிதவியலாளர் ஆய்லர் 4294967297ஐ 641 × 6700417 என்று உடைத்தார்.

641 வகுக்கும் என்று காட்டுவது சுகம். 641 = 5 × 128 + 1, 641 = 625 + 16; இந்த இரண்டும் போதும், நெடும் வகுத்தலே வேண்டாம். எவ்வளவு வடிவான வழி! ஆனால் பின்வாங்குப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "சேர், 641ஐப் பார்க்கவேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?"

4294967297இன் எந்த முதன்மைக் காரணியையும் 64ஆல் வகுத்தால் மீதி 1. அப்படியான முதன்மை எண்கள் 193, 257, 449, 577, அப்புறம் 641. ஐந்தாவதிலேயே பிடிபடுகிறது.

ஏன் மீதி 1? எனக்குத் தெரிந்த நிறுவல் பல்கலைக்கழக மட்டத்தது. வலுக்களின் மீதிகள் திரும்பத் திரும்ப வருவதை வைத்து, தரம் 11 பிள்ளைக்கு விளங்குமாறு தமிழில் எழுதித் தருவீர்களா? கையெழுத்துத் தாளைப் படமெடுத்துப் போட்டாலும் சரி.